தோல் கேட்கும் சத்தம்

பிரிட்ஜின் பிளக்கை யாரோ பிடுங்கி, வயரை ஒழுங்காகச் சுருட்டி, மேலே வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை காபி போடப் பாலை எடுக்கப் போனபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் குளிர் இல்லை, உள்விளக்கு எரியவில்லை, வாடிய கீரையின் நெடியும் திரிந்த பாலின் புளிப்பும் கலந்து, மூடிய அறையில் ஈரத்துணியை மறந்துவிட்டுப் போனது போன்ற ஒரு வாடை மெல்ல எழுந்து வந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் பிடுங்கவில்லை.

“பிரிட்ஜை நீயா நிறுத்தினே?”

கணவன் சாப்பாட்டு மேசையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“ராத்திரி பூரா முனகிக்கிட்டே இருந்துச்சு. தாங்க முடியல.”

“கல்யாணமான நாள்லேருந்து அது அப்படித்தான் முனகுது. நானும்தான் முனகறேன். என் பிளக்கை எப்போ பிடுங்கப்போற?”

அவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் குரல் முதலில் உடம்பில் எங்கோ பட்டு, அந்த இடம் அடங்கிய பிறகுதான் காதுக்குப் போய்ச் சேர்ந்ததுபோல.

பால் இல்லாத காபியைக் கொண்டுவந்து அவன் கையருகே வைத்தாள். விரல் தம்ளரில் பட்டதும் அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

போன வருடம் அவனுக்குப் புற்றுநோய். மருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, கூலியாகக் கையிலும் காலிலும் இருந்த உணர்வை எடுத்துக்கொண்டு போயிற்று. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் தெருவில் நடப்பான். ஒரு நாள் மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து கருகும் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சூடான வாணலியின் மேல் உள்ளங்கையை ஊன்றியபடி அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்த வாடை அவள் மூக்கைவிட்டு இன்னும் போகவில்லை. இரவில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். அவன் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

“சூடு தெரிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“தெரிஞ்சுது.”

“பொய் சொல்லாதே.”

“கொஞ்ச நாளாவே வருது. நல்லா வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவள் அழுதுவிட்டாள். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணீர் அவன் விரலிடுக்கில் இறங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை உருவிக்கொண்டான்.

“வலிக்குதா?”

“இல்ல,” என்றான். “அதிகமா இருக்கு.”

அந்தச் சந்தோஷத்தில் அவள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி இல்லை. குளியலறைக் குழாயின் வாயில் துணி திணித்துக் கட்டியிருந்தது. வாசல் கதவின் இடுக்கில் பழைய போர்வை. ஒவ்வொன்றையும் பார்த்தாள், உடம்பு சரியில்லாமல் இருந்தவன், தூக்கம் முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது திரும்பிப் பார்த்தால் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அல்ல. முகத்துக்குக் கீழே, நெஞ்சுக்குழியை.

முற்பகலில் கீழ்வீட்டில் அழுகுரல் கேட்டது. கீழ்வீட்டு அம்மா தனியாக இருப்பவர். கூண்டில் ஒரு ஜோடிப் பச்சைக் கிளிக்குருவிகளை வளர்த்தார். அவற்றோடு பேசுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அவள் படியிறங்கிப் போனாள். பின்கட்டு ஜன்னலருகே கூண்டு தொங்கியது. அதன் கதவு மூடித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே அடித்தட்டில் இரண்டு குருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கழுத்து திருகியிருக்கவில்லை. ரத்தம் இல்லை. நெஞ்சு மட்டும், கட்டைவிரலால் மெதுவாக, கவனமாக அழுத்தியதுபோல, உள்வாங்கித் தட்டையாகியிருந்தது.

“பூனைன்னா கிழிச்சிருக்கும்மா,” என்றார் அந்த அம்மா. “இது யாரோ மனுசன் பண்ணது. கூண்டை வேற சாத்திட்டுப் போயிருக்கான் பாவி.”

மாடிக்குத் திரும்பி வந்தபோது அவன் கதவருகே நின்றிருந்தான். அவள் எதையும் சொல்லும் முன் அவனே பேசினான்.

“குருவி நெஞ்சு எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியாது. தகரத்துல மழை கொட்டற மாதிரி. நிக்கவே நிக்காது. தரை வழியா ஏறி, கட்டில் கால் வழியா ஏறி, முதுகுல வந்து அடிச்சுக்கிட்டே இருக்கும்.”

அவன் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு சிறு தூவி ஒட்டியிருந்தது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மனைவியாக அல்ல, அவள் பார்க்கும் வேலையால் புரிந்தது.

இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். முட்டைக்குள் வளரும் மீன்குஞ்சுக்குத் தொடு உணர்வும் வலியும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அங்கே கேள்வி. மீனுக்கும் கோழிக்கும் மனிதனுக்கும் கருவில் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடக்கிறது. தோலாகப் போகிற செல்கள் சிலவற்றில் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். விழித்த செல் தோலாகாமல் உணர்வு நரம்பாக மாறும். மாறும்போதே பக்கத்துச் செல்லை அடக்கிவைக்கும். நான் ஆகிவிட்டேன், நீ சும்மா இரு என்று. அந்த அடக்கம் இருப்பதால்தான் தோல் தோலாக இருக்கிறது. விழிக்கும் மரபணுவை விசை என்றும், அடக்குவதைக் கடிவாளம் என்றும் ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொள்வார்கள். விசையை நோய் தராத வைரஸ் ஒன்றில் ஏற்றி, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் கருவுக்குள் செலுத்த வேண்டும். அந்த வேலையில் அவன் கையை மிஞ்ச ஆளில்லை. நோய்க்குப் பிறகு ஊசிகள் அவன் கையில் உடைந்துகொண்டே இருந்தன. அந்த நாற்காலியில் அவள் உட்கார வேண்டியதாயிற்று.

கடிவாளத்தையே அறுத்துவிடும் கலவை ஒன்றும் அங்கே உண்டு. அதை ஏற்றிய குஞ்சுகளை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். உடம்பு முழுக்க நரம்பு. தண்ணீர் தொடுவதே அவற்றுக்கு அடி. விளக்கைப் போட்டதும் அத்தனையும் வில்லாக வளைந்து, நிமிர்ந்து, வளைந்து, அப்படியே செத்தன. அதற்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

“எதை எடுத்துக்கிட்டே?” என்று கேட்டாள்.

அவன் சட்டையைக் கழற்றினான்.

கழுத்துக்குக் கீழே ஒரு முடிகூட இல்லை. தோல் என்று சொல்லத் தோன்றவில்லை. முட்டை ஓட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்குமே ஒரு சவ்வு, அதைப்போல வெளுத்து, ஈரமாக, உள்ளே இருப்பது தெரியும்படி இருந்தது. அதனடியில் வெள்ளை இழைகள், சின்னஞ்சிறு வேர்களைப்போலப் பின்னிப் பின்னி வயிற்றுக்கும் விலாவுக்கும் ஓடின. அவள் மூச்சை விட்டாள். எதிரே அவன் மார்பு முழுவதும், காற்று பட்ட குளத்தைப்போல, சிலிர்த்துச் சுருங்கியது.

“கடிவாளம் இல்லாததையா போட்டே?”

“மத்தது மீன்குஞ்சுக்குப் போதும். நான் ஆளு. எனக்கு எப்படிப் பத்தும்?” பிறகு, ரொம்பவும் தணிந்த குரலில், “உன் கையைப் பிடிச்சா தெரியணும்னு நினைச்சேன். அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவா மூச்சு விடறியா?”

அவள் பின்கட்டுக்குப் போய் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியைக்குப் போன் செய்தாள். அந்த அம்மாள் திட்டவில்லை. “பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே, அந்த இரைச்சல்லயே செத்துடுவான்,” என்றார். “நம்ம மைக்ராஸ்கோப் அறைல வை. அங்கதான் அதிர்வே வராது. நான் டாக்டருங்களைக் கூட்டிட்டு நேரா அங்க வந்துடறேன்.”

நனைத்த படுக்கை விரிப்பில் அவனைச் சுற்றி, காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்து, அவள் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைகள் சாத்திக் கிடந்தன, வெயிலில் தார் உருகும் வாடை. சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து, நாய்க்குட்டியை மிதித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக அவன் முணுமுணுக்க ஆரம்பித்தான். சிக்னலில் வண்டி நின்றபோது அவளுக்கு அந்த வார்த்தைகள் புரிந்தன.

“சைக்கிள்ல நிக்கறாரே பெரியவர், அவருக்கு நெஞ்சு தடுமாறுது. ரொம்ப நாள் தாங்காது. அந்தப் பொண்ணு ஓடி வந்திருக்கா. பஸ்ஸுக்குள்ள... பஸ்ஸுக்குள்ள எத்தனை பேரு. ஏன் எல்லாரும் இப்படி அடிச்சுக்கறாங்க? யாராவது ஒருத்தராவது நிறுத்தக்கூடாதா?”

அவள் கண்ணாடியில் பார்த்தாள். விரிப்பின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அது பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல்கள் கிடையாது. நீண்ட நடையின் கடைசியில் மைக்ராஸ்கோப் அறை. அதை ஒட்டி மீன் அறை. விடியலில் முட்டையிடும் மீன்களிடம் மாலையில் முட்டை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மீன் அறையின் இரவும் பகலும் மாற்றிவைக்கப்பட்டிருந்தன. வெளியே உச்சி வெயில் அடிக்கும்போது உள்ளே இருட்டாக இருக்கும்; கதவருகே ஒரு சிவப்பு விளக்கு மட்டும். கூரை வரை அடுக்கிய தொட்டிகள், ஓயாத பம்புகளின் ரீங்காரம், பாசியும் உப்பும் கலந்த வாசனை. எந்தக் கிழமையானாலும் அங்கே ஒருவர் இருப்பார். மீன்களுக்குத் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, உப்பு கரைத்து, அவற்றோடு சண்டையும் போடும் அவரை எல்லாரும் மீன்காரர் என்பார்கள்.

“என்ன தங்கச்சி, லீவு நாள்ல மாப்ளையை மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்க?”

“அவருக்கு உடம்பு சரியில்லைண்ணே. இங்க கொஞ்ச நேரம் படுக்க வைக்கறேன். சத்தம் மட்டும் வேண்டாம். பம்பைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?”

“பம்பை நிறுத்தினா இத்தனையும் மல்லாந்துடும்மா. நான் வேணா வாயை மூடிக்கறேன். அதுவே எனக்குப் பெரிய வேலை.” விரிப்புக்குள் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. “ஐயோ மாப்ள, என்னய்யா இது?”

மைக்ராஸ்கோப் அறையின் கல்தரை, கட்டடத்தோடு ஒட்டாமல் தனியே அடித்தளம் போட்டுக் கட்டியது. வாசலைத் தாண்டி அந்தக் கல்லின் மேல் கால் வைத்ததும் அவன் முகத்தில் இருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தோள்கள் இறங்கின. “அப்பா,” என்றான். அவ்வளவு நிம்மதியான குரலைப் பல மாதங்களாக அவள் கேட்டதில்லை. உட்கார்ந்தான். கண்ணை மூடினான். பிறகு தலை மெல்ல, மிக மெல்ல, மீன் அறைப் பக்கத்துச் சுவரை நோக்கித் திரும்பியது.

“அந்தப் பக்கம் இன்னும் அடிக்குது.”

“பம்புப்பா.”

“பம்பு மட்டும் இல்ல. எல்லா மீனும். அப்புறம் அண்ணன். அவருக்கு ரொம்பப் பெரிய நெஞ்சு.”

மீன்களை மயக்கவைக்கும் வெள்ளைப் பொடி ஒன்று மேல்தளத்து ஆய்வறையில் இருந்தது. தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து உடம்பில் போட்டால், டாக்டர்கள் வரும்வரையாவது மரத்துக் கிடப்பான். மீன்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். பொடியைப் பாட்டிலில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். பாட்டிலைக் குலுக்கினாள். வெள்ளை மண்டி அடியில் சுற்றிச் சுற்றிக் கரைந்தது.

அப்போது கட்டடம் அமைதியானது.

இத்தனை வருடமாக அந்தப் பம்புகளின் ரீங்காரத்தை அவள் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. அது நின்றபோதுதான், தினமும் அதற்குள்ளேதான் நடந்து, பேசி, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது. காதுக்குள் ஏதோ உருவி எடுத்ததுபோல இருந்தது. அந்த வெற்றிடத்தில், கீழேயிருந்து, கண்ணாடி உடையும் சத்தம். நீர் கொட்டும் சத்தம். மறுபடியும் கண்ணாடி. ஒரு மனிதன் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தும் சத்தம்.

படிக்கட்டில் இறங்கினாள். நடையின் தரையில் தண்ணீர் அவளை எதிர்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றினாள். ஏன் கழற்றினோம் என்று பிறகுதான் புரிந்தது. சத்தம் கேட்கக் கூடாது.

மைக்ராஸ்கோப் அறை காலியாக இருந்தது. மீன் அறைக் கதவு திறந்திருந்தது.

சிவப்பு வெளிச்சம். தொட்டி அடுக்குகள் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. தரை முழுவதும் அசைந்தது. விரல் நீள மீன்கள், ஆயிரக்கணக்கில், கண்ணாடித் துண்டுகளுக்கிடையே துள்ளிக்கொண்டிருந்தன. அந்தத் துள்ளல் எல்லாம் சேர்ந்து எண்ணெயில் எதையோ பொரிப்பதுபோலக் கேட்டது. அதற்கு நடுவே இன்னொரு சத்தம். மெத்தென்று. நிதானமாக. மறுபடியும் மெத்தென்று.

அவன் மிதித்துக்கொண்டிருந்தான். வெறுங்காலால். ஒவ்வொன்றாக. ஒவ்வொரு மிதிக்கும் அவன் முகம் அடி வாங்கியவன் முகம்போலச் சுளித்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, ஆனால் நிறுத்தவில்லை. பாதம் கண்ணாடியில் கிழிந்து, சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ சொட்டியது.

பம்புகளுக்கு அருகில் மீன்காரர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. நெற்றியோரம் பிளந்திருந்தது, பக்கத்தில் தொட்டி தாங்கும் இரும்புச் சட்டம். ஆனால் அவரைக் கொன்றது அது அல்ல. அவர் சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தன. நெஞ்சு உள்வாங்கிப் பள்ளமாக இருந்தது. இரு முழங்கால்களின் அளவுக்கு.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை நிறுத்தினாள். சுவரோடு ஒட்டினாள். பயனில்லை. அதை நிறுத்த முடியவில்லை. நெஞ்சு. அது அவளைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் திரும்பாமலே பேசினான்.

“வந்துட்டியா? படி இறங்கும்போதே தெரிஞ்சுது. உன்னோடது எனக்கு எங்க இருந்தாலும் தெரியும்.”

“அண்ணன் உனக்கு என்னடா பண்ணாரு?”

“ஒண்ணும் பண்ணலை. என்னைத் தூக்கிவிட வந்தாரு. நல்ல மனுசன். தொட்டுட்டாரு.” அவன் விம்மினான். “நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதான் பண்ணேன்.”

பாட்டிலை அவள் முன்னால் நீட்டினாள். “இது மீனுக்குப் போடற மயக்க மருந்து. துணில நனைச்சுப் போட்டா மரத்துடும்ப்பா. எதுவும் தெரியாது. வா. உட்காரு.”

அவன் அந்தப் பாட்டிலையே பார்த்தான்.

“மறுபடியும் மரத்துப்போகவா?”

“கொஞ்ச நேரத்துக்குத்தான்.”

“ஒரு வருஷம் பொணமா இருந்தேன். உன் பக்கத்துலயே படுத்திருந்தேன். தெரியுமா உனக்கு?” ஓர் அடி எடுத்து வைத்தான். “வேண்டாம். வலி இருக்கட்டும். சத்தம் மட்டும் போகட்டும்.”

பாட்டிலைத் தட்டிவிட்டான். அது சுவரில் மோதி உடைந்தது. அந்தச் சத்தத்தில் அவன் மடங்கி விழப் பார்த்தான். அவள் அதற்குள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். ஈரம். மீன்கள். கால் வழுக்கியது. முழங்கை தரையில் இடித்தது. எழுவதற்குள் அவன் அவள்மேல் இருந்தான். உடம்பு நெருப்பாகச் சுட்டது. அவள் அவனைத் தொட்ட இடமெல்லாம் அவன் அலறினான், அவள் காதுக்குள்ளேயே அலறினான், ஆனாலும் விடவில்லை. இரு உள்ளங்கைகளும் அவள் நெஞ்சின் நடுவே வந்து பொருந்தின. அழுத்தின. விலா எலும்பு ஒன்று முறிந்தது. அவளுக்கு அது ஒரு சத்தமாகத்தான் கேட்டது.

“கொஞ்சம் பொறுத்துக்கோ. கொஞ்ச நேரம்தான். அப்புறம் நாம நிம்மதியா இருக்கலாம்.”

அவள் கை பக்கவாட்டில் தடவியது. கண்ணாடி. மீன். ஈரச் சாக்கு. தொட்டித் தண்ணீரில் கலக்கும் உப்பு மூட்டை, வாய் கிழிந்து கிடந்தது. கை உள்ளே போனது. இது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும்.

எறிந்தாள். முகத்தில். கழுத்தில். மார்பில். மறுபடியும் அள்ளினாள். தேய்த்தாள்.

அவன் கத்தவில்லை. வாய் திறந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. நிமிர்ந்தது. வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் தரையில் பட, நடுவுடம்பு காற்றில் நின்றது. விழுந்து புரண்டான். புரண்ட இடத்திலும் உப்பு. கண்ணாடி. உப்பு. அந்த வெள்ளைச் சவ்வு சுருங்கி, வெடித்து, பட்டை பட்டையாகக் கழன்றது. அவள் ஊர்ந்து, சாய்ந்த தொட்டியின் பின்னால் போய் முதுகை ஒட்டிக்கொண்டாள். கையில் இன்னும் உப்பு இருந்தது. மூடிய விரல்களைத் திறக்க முடியவில்லை.

மெல்ல மெல்ல அவன் அடங்கினான். கடைசி மீன்களும் அடங்கின. அறை இதுவரை எப்போதும் இல்லாத அளவுக்கு அமைதியாக இருந்தது. அவன் கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டான்.

“இன்னும் ஒண்ணு ரொம்பக் கிட்டக்க அடிக்குது,” என்றான். பிறகு ஆச்சரியத்தோடு, “அட. இது என்னோடது.”

“வேண்டாம்,” என்றாள் அவள். “வேண்டாம்ப்பா. டாக்டருங்க வந்துக்கிட்டே இருக்காங்க.”

அவன் தரையில் தேடி, நீளமான ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தான். எத்தனையோ ஆயிரம் கருக்களுக்கு ஊசி போட்ட கை. இப்போது அது நடுங்கவே இல்லை. நுனியை விலாவின் இடுக்கில் வைத்தான். அழுத்தும்போது அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டது. அவன் மூச்சு இழுப்பது நீண்ட நேரம் கேட்டது. நின்றது.

கண்ணைத் திறந்தபோது அவன் சரிந்து, அவள் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தான். கண்ணாடி கைப்பிடி அளவுக்கு வெளியே நின்றது. ரத்தம் பாய்வது நின்று, கசிவதும் நின்றிருந்தது. விழிகள் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு தவழ்ந்து போனாள். விரல் வைத்தாள். கழுத்தில் துடிப்பு இல்லை. மூச்சு இல்லை. செத்துப்போயிருந்தான்.

அவள் விரலுக்குக் கீழே எதுவோ சிலிர்த்தது.

கையை எடுத்தாள். வெளிச்சத்தின் விளையாட்டு என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். உப்பு படாத தோள்பட்டையில், முதுகில், அந்த வெள்ளைத் தோல் சுருங்கி விரிந்தது. ஒரு நொடி நின்றது. மறுபடியும் சுருங்கியது. ஏதோ ஒரு தாளம். அந்தத் தாளம் எதுவென்று புரிய அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. தன் நெஞ்சில் கை வைத்தாள். ஒரு துடிப்பு, அவன் தோளில் ஒரு சுளிப்பு. ஒரு துடிப்பு. ஒரு சுளிப்பு. பயத்தில் அவள் நெஞ்சு வேகமெடுத்தது. அவன் முதுகும் வேகமெடுத்தது.

பின்னால் நகர்ந்தாள். சுவர்வரை. அந்தச் சுளிப்பு நிற்கவில்லை.

மேலே கதவு திறந்தது. பேராசிரியையின் குரல். கூடவே பலருடைய காலடிகள், ஓட்டமாக, படிக்கட்டில் இறங்கின. வராதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. காலடிகள் நெருங்க நெருங்க, சிவப்பு வெளிச்சத்தில் அவன் உடம்பு முழுவதும், அடர்ந்த மழை விழும் தண்ணீரைப்போல, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தாளத்தில் குதிக்க ஆரம்பித்தது. கன்னத்துத் தோல் இழுத்து, செத்த உதடுகள் பற்களைவிட்டு விலகின.

அவன் இறந்துதான் போயிருந்தான். அவனுக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.